கடைமடை விளக்கு

(தஞ்சாவூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய காரில் விளக்கு எரியாவிட்டால் எங்கே பார்ப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். ஸ்பேனர் பிடித்த கை மைக்கைப் பிடித்தால் நடுங்கத்தான் செய்யும். அதனால் ஒரு கதையில் தொடங்குகிறேன்.

தொழில் பழகி மூன்றாவது வருடம். திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு டாக்டர் இருந்தார். ராத்திரி எந்நேரம் ஆள் வந்து கூப்பிட்டாலும் தன் அம்பாசடரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வண்டியின் ஹெட்லைட் அரிக்கேன் விளக்கு மாதிரி செம்மஞ்சளாக எரிந்தது. புது பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டார். பல்பு இரண்டு தடவை மாற்றிவிட்டார். கடைசியில் என்னை வரச் சொன்னார். நான் போய் என்ன செய்தேன் தெரியுமா? மூன்றாவது தடவையாகப் பல்பை மாற்றினேன்.

வெளிச்சம் ஏறவில்லை. பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்தேன். டைனமோவைக் கழற்றி கார்பன் பிரஷ் பார்த்தேன். சுவிட்சைப் பிரித்துச் சேர்த்தேன். டாக்டர் வீட்டு வயலுக்குத் தண்ணீர் கட்டும் பெரியவர் ஒருவர், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலையிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை, "கரண்டுன்னா என்னா தம்பி?" என்று கேட்டார். வேலை மும்முரத்தில், "தண்ணி மாதிரிதான் பெரியவரே" என்று சொல்லிவிட்டேன். பாடப் புத்தகத்தில் படித்த உவமை. சொன்னவுடன் நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

சாயங்காலம் நான் கருவிகளைப் பையில் போடும்போது அவர் சொன்னார்: "தண்ணி மாதிரின்னு சொன்னீங்க. காலையிலேர்ந்து வர்ற பக்கத்தையே நோண்டுறீங்களே தம்பி, வடியிற பக்கத்தப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்த்தேன். ஹெட்லைட்டிலிருந்து வரும் கருப்பு எர்த் வயர் மட்கார்டின் உட்பக்கம் ஒரு ஸ்குருவில் பிடித்திருந்தது. வண்டிக்குப் புதிதாக டிங்கரிங், பெயிண்டிங் செய்திருந்தார்கள். அந்த ஸ்குருவை முடுக்கிய இடத்திலும் பளபளவென்று பெயிண்ட். வயருக்கும் இரும்புக்கும் நடுவில் பெயிண்ட் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, திரும்ப முடுக்கினேன். எதிர்ச் சுவர் பகலாகிவிட்டது.

இன்று நான் சொல்ல வந்தது அந்தப் பெரியவர் சொன்னதைத்தான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

நம் ஊர்க்காரர்களுக்கு மின்சாரம் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நாளாவது ஆகும் என்று நமக்குத் தெரியும். கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரியும். வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி, கடைசி வயலுக்குப் போகும்போது பாதிதான் மிஞ்சும் என்பதும் தெரியும். வழியில் வண்டல், ஆகாயத்தாமரை, உடைந்த ஷட்டர், அகலம் குறைந்த மதகு. கடைமடையில் தண்ணீர் இல்லை என்றால் மேட்டூரில் தண்ணீர் இல்லை என்று பொருளல்ல. அதேபோல விளக்கு மங்கினால் பேட்டரி செத்துவிட்டது என்று பொருளல்ல.

காரில் பேட்டரிதான் அணை. வயர் வாய்க்கால். சுவிட்ச் மதகு. பல்பு வயல். வண்டியின் இரும்பு உடம்பு வடிகால். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நம் வடிகால் கடலுக்குப் போகிறது. மின்சாரத்தின் வடிகால் புறப்பட்ட பேட்டரியின் மறு முனைக்கே திரும்பியாக வேண்டும். திரும்ப வழி இல்லையென்றால் புறப்படவே புறப்படாது. பாதி வழிதான் இருக்கிறதென்றால் பாதிதான் புறப்படும். அதனால்தான் வரும் வழிக்குள்ள மரியாதை போகும் வழிக்கும் உண்டு என்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறைந்த அளவுக்கு மட்டும் குறையாது, மடமடவென்று இறங்கும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். 20 சதவீதம் குறைந்தால் பாதிக்கு மேல் போய்விடும். ஆக, பல்பு வரைக்கும் ஒரு வோல்ட்டும், திரும்பும் வழியில் ஒரு வோல்ட்டும் தொலைந்தால், உங்கள் ஹெட்லைட் பாதி விளக்குதான். பல்பு விற்றவர் மேலும், பேட்டரி விற்றவர் மேலும் பழி போகும். தொலைந்த இரண்டு வோல்ட்டும் துருவிலும் களிம்பிலும் சூடாக உட்கார்ந்திருக்கும்.

பழி என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்பாசடரின் தாய் வீடு இங்கிலாந்து. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வைத்து 1950-களின் கடைசியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதம்வரை வந்தது. பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின் சாமான் செய்துகொடுத்தது பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனி. நம் ஊரில் டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து 1961-ல் சென்னைப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஆனது. கம்பெனியைத் தொடங்கிய லூகாஸ் சைக்கிள் விளக்கில் பேர் வாங்கியவர். அந்த விளக்கின் பெயர் 'சாலையின் அரசன்'. பிற்காலத்தில் கார்க்காரர்கள் கேலியாக அவருக்கே வைத்த பெயர் 'இருளின் இளவரசன்'. உலகம் பூராவும் பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நான் அந்தச் சிரிப்பில் சேரமாட்டேன். ஐம்பது வருட வண்டியில் நான் பார்த்த கோளாறில் பாதிக்கு மேல் பின்னால் வந்த கைகள் செய்தவை. லூகாஸ் ஒரு நிற ஒழுங்கு வைத்திருந்தார்கள். பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை இக்னிஷன் சாவி திறந்தால் வருவது. பச்சை அந்த வெள்ளையே பியூசைத் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு போட்டால் பிரைட், சிவப்புக் கோடு போட்டால் டிம். சிவப்பு பார்க் லைட்டும் பின் விளக்கும். கருப்பு எர்த். வயரே பேசும். நாம் என்ன செய்தோம்? ரோலில் என்ன நிறம் மிச்சமிருந்ததோ அதைப் போட்டு ஒட்டினோம். பிரேக் லைட்டுக்கு மஞ்சள், ஹாரனுக்கு நீலம், எர்த்துக்கு சிவப்பு. முறுக்கி டேப் சுற்றினோம். அடுத்து வருபவர் பாஷை தெரியாத ஊரில் இறங்கியவர் மாதிரி நிற்கிறார். பட்டறைத் தம்பிகளே, ஒயரிங் மாற்றினால் நிறத்தை மாற்றாதீர்கள். கிடைக்காவிட்டால் இரண்டு முனையிலும் சீட்டாவது கட்டுங்கள்.

சரி, கோளாறை எப்படிப் பிடிப்பது? பெரிய மெஷின் வேண்டாம். ஒரு ஹோல்டர், ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு நீள வயர். இதுதான் டெஸ்ட் லேம்ப். கூடவே ஒரு சாதாரண மல்டி மீட்டர். தொடங்கும்முன் கையிலுள்ள மோதிரத்தையும் உலோகப் பட்டை வாட்ச்சையும் கழற்றி வையுங்கள். பேட்டரி டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் நொடியில் பழுத்துவிடும், விரல் போகும். வயரைக் கழற்றுவதென்றால் முதலில் பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். எர்த் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1960-களின் நடுப்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் இன்றைய ரேடியோவை மாட்டினால் பாட்டு வராது, புகைதான் வரும்.

முதல் விதி: விளக்கைப் போட்டுவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது எல்லாக் கரையும் நல்ல கரைதான். தண்ணீர் ஓடினால்தான் உடைப்பு எது என்று தெரியும். வயரில் பத்து இழை இருந்த இடத்தில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும், மின்சாரம் ஓடாதபோது மீட்டர் 12 வோல்ட்டை அப்படியே காட்டும். ஏமாந்துபோவோம். ஹெட்லைட்டைப் போடுங்கள், பிறகு மீட்டரைத் தொடுங்கள்.

இரண்டாவது விதி: இழப்பை அளக்க வேண்டும், இருப்பை அல்ல. மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் எர்த் டெர்மினலில் வையுங்கள். இன்னொரு முள்ளை எரிந்துகொண்டிருக்கும் ஹெட்லைட் பல்பின் எர்த் முனையில் வையுங்கள். வடிகால் சுத்தமாக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.2 வோல்ட் வரை பொறுக்கலாம். ஒரு வோல்ட் காட்டினால் வடிகாலில் அடைப்பு. டாக்டர் வண்டியில் எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. இதே மாதிரி பேட்டரியின் மறு டெர்மினலுக்கும் பல்பின் உள்வரும் முனைக்கும் நடுவில் அளந்தால் வரத்து வாய்க்காலின் இழப்பு தெரியும். அது கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு மதகாகப் போங்கள்: இருந்தால் பியூஸ், லைட் சுவிட்ச், காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச், இடையிலுள்ள கனெக்டர். எந்த இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் மீட்டர் எகிறுகிறதோ அங்கேதான் திருடன். டிம் சுவிட்ச் கால் சேற்றுக்குப் பக்கத்தில் இருப்பது. அதன்மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு.

எர்த் கெட்டுப்போனால் வண்டி பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். பிரேக்கை மிதித்தால் பார்க் லைட் அணையும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் சேர்ந்து மினுக்கும். ஒயரிங் பூராவும் போய்விட்டது என்று பயமுறுத்துவார்கள். ஒன்றுமில்லை. பின் விளக்கு ஒரே கூட்டுக்குள் எல்லா பல்புக்கும் ஒரே எர்த். அந்த வழி அடைந்தால் பிரேக் பல்புக்கு வந்த மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கிப் போய் வழி தேடும். வடிகாலை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலில் ஏறாதா? அதுதான். கூட்டைக் கழற்றி அடியைச் சுரண்டிவிட்டால் பேய் ஓடிவிடும்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று. என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் என்ஜினுக்கும் பாடிக்கும் ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். என்ஜினை இறக்கி ஏற்றும்போது அதை மாட்ட மறந்துவிடுவார்கள். செல்ஃப் அடித்தால் நூறு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். வழியில்லாத மின்சாரம் சோக் கேபிளையும் ஆக்சிலேட்டர் கேபிளையும் பிடித்துக்கொண்டு திரும்பும். செல்ஃப் முனகும், சோக் கேபிள் கொதிக்கும். சோக் இழுக்கும்போது கை சுடுகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். அடியில் குனிந்து அந்தப் பட்டையைத் தேடுங்கள்.

இனி பேட்டரி. காலையில் வண்டி எடுக்கவில்லை, பேட்டரி டவுன். பேட்டரி நல்லதென்றால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்: உள்ளே வரவில்லை, அல்லது ராத்திரி கசிகிறது. வருகிறதா என்று பார்க்க, என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 13.8-லிருந்து 14.4 வோல்ட்டுக்குள் இருந்தால் சார்ஜ் ஆகிறது. பழைய டைனமோ வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது சரியாக சார்ஜ் செய்யாது. அது கோளாறல்ல, அதன் சுபாவம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து, வேகம் ஏறியதும் அணைகிறதே, அது ஏன் தெரியுமா? அந்த விளக்கின் ஒரு பக்கம் பேட்டரி, மறு பக்கம் டைனமோ. ஷட்டருக்கு இரண்டு பக்கமும் நீர்மட்டம் சமமானால் தண்ணீர் ஓடாதல்லவா? இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமானதும் விளக்கு அணைகிறது. டைனமோவும் உழைக்கிறது என்பதற்கு அதுதான் கையெழுத்து.

கசிவைப் பிடிக்க, எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப்பைப் பிடியுங்கள். எரியாவிட்டால் பெரிய கசிவு இல்லை. எரிந்தால் எங்கோ மடை திறந்திருக்கிறது. பியூசை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கினால் விளக்கு அணைகிறதோ அந்தக் கிளையில் தேடுங்கள். டிக்கி விளக்கு, ஹாரன், பின்னாளில் யாரோ மாட்டிய டேப் ரிக்கார்டர். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பியூஸ் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் சேரும். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இரண்டே பியூஸ். ஹெட்லைட்டுக்கு பியூசே கிடையாது. இருந்த இரண்டும் போனால் சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுற்றி மாட்டுவது நம் வழக்கம். அது ஊர் போய்ச் சேர்க்கும், வண்டியையும் எரிக்கும். பியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாகக் கட்டிய கரை. வெள்ளம் வந்தால் ஊர் போகாமல் அந்த ஒரு இடம் போகட்டும் என்று கட்டியது. அதைப் போய் கான்கிரீட் போடலாமா? பியூஸ் போனால் ஏன் போனது என்று கேளுங்கள். இரண்டாம் முறை போனால் வண்டியை எடுக்காதீர்கள்.

வெளிச்சம் கூட்ட வேண்டுமென்றால் பெரிய பல்பு போடாதீர்கள். ரிலே போடுங்கள். ஹெட்லைட்டின் மின்சாரம் முழுவதும் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது. சுவிட்ச் கருகாமல் என்ன செய்யும்? ரிலே என்பது மதகைத் திறந்து மூடும் நம் ஆற்று லஸ்கர் மாதிரி. அவர் சாவியைத் திருகுகிறார். ஆறு அவர் உடம்பு வழியாகப் போவதில்லை, ஷட்டர் வழியாகப் போகிறது. சுவிட்சுக்குச் சின்ன வேலை, பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேர் வழி. எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய பிளாஷர் பல்பு இழுக்கும் மின்சாரத்தின் சூட்டில்தான் விட்டு விட்டு எரியும். எல்.இ.டி. அவ்வளவு இழுக்காது. பிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

நம் ஊருக்கென்று மூன்று எதிரிகள் உண்டு. ஒன்று ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாட்டுக் கொட்டகையில் நின்ற வண்டியில் பித்தளை முனையெல்லாம் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். இரண்டு உப்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றே போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. உப்புத் தண்ணீரில் மூழ்கிய வண்டிக்கு ஒரு மருந்துதான்: நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்துத் துடைத்து, காயவைத்து, வாசலின் தடவிச் சேர்ப்பது. மூன்றாவது எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடினால் எலி வீட்டுக்கு வரும். நின்றுபோன என்ஜினின் கதகதப்பு அதற்கு மாளிகை. வயரின் மேலுறை பல் தீட்டும் கட்டை. மருந்து வைத்தால் ஒயரிங்குக்குள்ளேயே செத்து நாறும். நான் மூங்கிலில் செய்த எலிப்பொறியான தஞ்சாவூர்க் கிட்டியைத்தான் காருக்கு அடியில் வைப்பேன். வயலுக்குக் கண்டுபிடித்தது வண்டிக்கும் உதவுகிறது.

இவ்வளவும் ஏன் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கும் கண்காட்சிக்கும் எடுக்கிற வண்டிதானே? நம் சாலைகளை நினைத்துப் பாருங்கள். பாதிச் சாலையில் நெல் காய்கிறது. சுற்றிலும் கல் வைத்திருக்கிறார்கள். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பின்னால் விளக்கில்லை. ஆற்றங்கரையில் சாலை திடீரென்று மதகுக்குத் திரும்புகிறது. தெருவிளக்கு கிடையாது. அங்கே உங்கள் ஹெட்லைட் நீங்கள் பார்ப்பதற்கு. உங்கள் பின் விளக்கு நீங்கள் உயிரோடு இருப்பதற்கு.

டாக்டர் வண்டிக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் டாக்டர் எவ்வளவு என்று கேட்டார். கால் தாள் உப்புத்தாளுக்கு என்ன கேட்பது? நாள் கூலியைச் சொன்னேன். கொடுத்தார். அதில் பாதியைப் பெரியவரிடம் நீட்டினேன். "நான் என்னா தம்பி செஞ்சேன்?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு இறங்கிவிட்டார். இருட்டியிருந்தது. அவர் வரப்பில் போய்ச் சேரும்வரை டாக்டர் ஹெட்லைட்டை எரியவிட்டார்.

அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் நான் எடுத்தவுடன் பானட்டைத் திறப்பதில்லை. முதலில் பின்பக்கம் போய் நிற்பேன். அணை திறக்கும்போது மேட்டூரில் பூத்தூவப் பெரிய கூட்டம் கூடுகிறது. தண்ணீர் சரியாக வந்ததா என்பது கடைமடையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வண்டிக்குப் பின்னால் நில்லுங்கள். இரண்டு விளக்கும் ஒரே மாதிரி எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பல்பு வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். வீட்டில் உப்புத்தாள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.